சுரண்டுகிறவன் மூச்சுக்கு என்ன விலை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. படகைக் கரையேற்றிப் பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதுசு பூசுகிற காலமும் அதுதான். பெயிண்ட் தொழிலிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். ஃபைபர் படகுகளைச் சுரண்டும் விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் பூசுவது சுவர் பெயிண்ட் அல்ல. கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருக்க அதில் விஷமே சேர்க்கிறார்கள். பெரும்பாலும் தாமிர ஆக்ஸைடு. முன்பு டிபிடி என்கிற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. பிரான்சில் ஆர்க்காஷான் விரிகுடாவின் சிப்பி வளர்ப்பையே அது குலைத்துப்போட்டதால், 1982-ல் அங்கே சிறு படகுகளுக்குத் தடை செய்தார்கள். கப்பல்களுக்கான சர்வதேசத் தடை 2008-ல்தான் அமலுக்கு வந்தது. பழைய படகின் அடி அடுக்கில் எது ஒளிந்திருக்கிறது என்று யார் சொல்ல முடியும்?

அதைத்தான் காய்ந்தபடியே கிரைண்டர் வைத்துத் தேய்க்கிறார்கள். பாதுகாப்பு, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. கேட்டால், "கடல் பெரிசு சார், எல்லாம் கரைஞ்சிடும்" என்று பதில். கடல் பெரிசுதான். தேய்க்கிறவன் நுரையீரல் பெரிசா?

செலவு என்பார்கள். கீழே விரிக்கத் தார்பாலின், தண்ணீர் விட்டுத் தேய்க்க வாட்டர் பேப்பர், ஃபில்டர் வைத்த முகமூடி. எஞ்சின் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவா? முதலாளிக்கும் இதில் லாபம்தான். கிரைண்டர் கொஞ்சம் ஆழமாய் இறங்கினால் மேலே இருக்கும் ஜெல்கோட் போய்விடும். ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கிக் கொப்புளம் கட்டும். நெருப்புக் காட்டி உரிப்பதும், மரத்துக்குப் போடும் ரிமூவரைத் தடவுவதும் அதைவிட மோசம். பெயிண்டோடு ரெசினும் கெடும்.

கோபாலபுரத்தில் என் வீட்டுச் சுவர் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-லேயே விதி போட்டாயிற்று. அந்த விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டும். படகுக்கு அது பொருந்தாது. நம் பேரன் சுவரைத் தொட்டால் ஆபத்து. அவர்கள் பிள்ளை அந்தத் தூளில் விளையாடினால் பரவாயில்லையா?

மீன்பிடித் துறைமுகம்தோறும் சுரண்டுவதற்கென்று சிமெண்ட் தளமும் தூள் சேரும் தொட்டியும் வேண்டும். அதுவரை, முகமூடி வாங்கித் தராத முதலாளி படகைச் சுரண்டச் சொல்லக்கூடாது. வஞ்சிரம் வாங்கும்போது விலை பேசுகிற நாம் இதையும் பேசலாம்.