பம்ப் மட்டும்தானா குற்றவாளி?

என் மைத்துனரின் டீசல் பிக்கப் வாகனத்துக்கு ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவைகள் பவர் ஸ்ரியரிங் பம்ப் மாற்றப்பட்டது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணச் சந்தைகளுக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் வாகனம் அது. அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அதனால்தான். இரண்டு பம்புகளுக்கும் கூலிக்குமாக அவர் கொடுத்தது, மகளின் படிப்புக்கென ஒதுக்கி வைத்திருந்த பணம். இரண்டாவது பம்பும் முதலாவதைப் போலவே ஓலமிடத் தொடங்கியபோதுதான் அவர் என்னை அழைத்தார்.

நான் கலைப் பட்டதாரி. இயந்திரங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் முப்பது ஆண்டுக்கால ஊடகத் தொழில் ஒன்றைக் கற்றுத் தந்திருக்கிறது. ஒரே தீர்வு இரண்டு முறை தோற்றால், பிழை தீர்விலல்ல, கேட்கப்படாத கேள்வியில் இருக்கிறது.

வாகனத்தை முதலில் பார்த்த கராஜில், "பம்ப் முடிஞ்சுது ஐயா, மாத்தத்தான் வேணும்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கழற்றிய பழைய பம்பும் திருப்பித் தரப்படவில்லை. பின்னர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் போனோம். பொருளாதாரத் தடையின் காலத்தில், தொண்ணூறுகளில், குடாநாட்டின் பழைய மொறிஸ்களையும் ஒஸ்ரின்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். எஞ்சினை இயக்கச் சொன்னார். ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார். ஒயில் நுரைத்திருந்தது. "பம்ப் அழுதா பம்பை மாத்துறதே தம்பி? ஏன் அழுகுதெண்டு கேக்க வேண்டாமோ?" என்றார்.

தாங்கியிலிருந்து பம்புக்கு ஒயிலைக் கொண்டுவரும் இறப்பர் குழாய் வெப்பத்தில் இறுகிப் போயிருந்தது. அதன் கிளிப்பும் தளர்ந்திருந்தது. இந்தப் பக்கத்தில் பம்ப் ஒயிலை உறிஞ்சுகிறது. ஆகவே இங்கே இடைவெளி ஏற்பட்டால் ஒயில் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை; காற்று உள்ளே புகும். காற்றுக் கலந்த ஒயில்தான் பம்பை ஓலமிட வைக்கிறது, நாளடைவில் அதன் உட்பாகங்களையும் தேய்க்கிறது. போதாக்குறைக்கு, முதற் பம்பின் உலோகத் தூள் தாங்கியின் வடியில் அடைந்து கிடந்தது. அந்த அழுக்கின் மேல்தான் புதிய பம்பைப் பூட்டியிருந்தார்கள். ஒரு துண்டுக் குழாய், இரண்டு கிளிப்புகள், புதிய ஒயில். ஓலம் நின்றுவிட்டது.

பம்ப் பழுதடைவதே இல்லை என்று நான் வாதிடவில்லை. தண்டின் சீல் கசியும், பெயரிங் ஆட்டங் காணும், அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. பழைய ஒயிலை முற்றாக வடித்துத் தாங்கியைக் கழுவ வேண்டும். கப்பியைச் சுத்தியலால் அடிக்காமல் புள்ளர் கொண்டு கழற்ற வேண்டும். உயர் அழுத்தக் குழாயின் இணைப்பில் பழைய செப்பு வாசர்கள் இருந்தால் அவற்றுக்குப் புதியவை போட வேண்டும். முன்சக்கரங்களை உயர்த்தி, எஞ்சினை இயக்காமலே ஸ்ரியரிங்கை இரு அந்தங்களுக்கும் பலமுறை திருப்பி, ஒயிலை நிரப்பி நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்குப் பெரும் படிப்பு வேண்டாம், பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்கு நாம் விலை கொடுக்கிறோமா என்பதே என் கேள்வி.

இங்கே கராஜ்காரரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடன்று. பாகத்துக்குப் பேரம் பேசியேனும் பணம் கொடுக்கும் நாம், ஒரு மணிநேரம் நின்று பழுதைக் கண்டுபிடித்தவருக்கு என்ன கொடுக்கிறோம்? "ஒண்டும் மாத்தேல்லையே, பிறகேன் காசு?" என்று கேட்கிறோம். சிந்தனைக்குக் கூலி இல்லாத இடத்தில் தொழிலாளி பாகத்தைத்தான் விற்பான். எங்கள் பிள்ளைகளைப் பொறியியலாளர் ஆக்கத் தவம் கிடக்கும் நாம், கையில் ஒயில் பட்டவனை வாசலோடு நிறுத்துகிறோம். அந்த முதியவருக்குச் சீடப்பிள்ளை ஒருவரும் இல்லை. அவரோடு அந்த அறிவும் போய்விடும்.

இது சிறிய விடயமன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபா வீழ்ந்தது. 2025 இல் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்த பின்னரும் சாதாரண விவசாயிக்குப் புதிய வாகனம் எட்டாக்கனியே. பழைய பிக்கப்புகளை நம்பித்தான் வன்னியின் விளைச்சல் சந்தைக்கு வருகிறது. அவற்றின் ஆயுளை நீட்டுவது பஞ்சிகாவத்தைக் கடைகளின் பாகங்கள் மட்டுமல்ல, பழுதின் காரணத்தைத் தேடும் மூளையுந்தான்.

ஆகவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஊரில் உறவினரின் வாகனத்துக்கெனப் பணம் அனுப்பும் புலம்பெயர் உறவுகளுக்கும் இது பொருந்தும். பழுதின் காரணத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். எதையும் மாற்றாமலே பழுதைத் தீர்ப்பவருக்கு, மாற்றுபவருக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். அந்த முதியவர் எங்களிடம் குழாயின் விலையை மட்டுமே கேட்டார். அதை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருந்தால், மேலே எழுதியவற்றை எழுத எனக்கு அருகதை இருந்திராது.