கணவனுக்கும் எழுதப்பட்ட வசனம்

இந்தியாவில் 2001 வரை ஒரு கிறிஸ்தவப் பெண் மணமுறிவு கேட்டு நீதிமன்றம் போனால், கணவனுக்கு வேறொருத்தியோடு தொடர்பு இருப்பதை மட்டும் நிரூபித்தால் போதாது. அதோடு அவன் கொடுமைப்படுத்தினான் என்றோ, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ காரணமின்றிக் கைவிட்டுப் போனான் என்றோ, இப்படி இன்னொரு குற்றத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கணவனுக்கு அந்தச் சுமை கிடையாது. மனைவி தவறினாள் என்ற ஒரே காரணம் போதும்; அவளோடு பழகிய ஆணிடம் நஷ்டஈடுகூடக் கேட்கலாம். 1869-இல் ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த இந்திய மணமுறிவுச் சட்டம் இது. இந்த ஓரவஞ்சனையை இங்கிலாந்து தன் சட்டத்திலிருந்து 1923-லேயே நீக்கிக்கொண்டது. இங்கே 1995-இல் கேரள உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு, அதன்பின் 2001-இல் நாடாளுமன்றம் திருத்தி முடித்தபோது சட்டத்துக்கு வயது 132.

கிறிஸ்தவர்களுக்கென்றே எழுதிய சட்டம்தான். கிறிஸ்துவைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியை மணப்பவன், அந்த மனைவிக்கு விரோதமாகவே விபசாரம் செய்கிறான் என்கிறார் இயேசு. மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இன்று படிக்கும்போது இதில் என்ன புதுமை என்று தோன்றும். ஆனால் மோசேயின் சட்டத்திலும் சரி, அன்றைய ரோமச் சட்டத்திலும் சரி, விபசாரம் என்பது இன்னொருவனின் மனைவியைத் தொடுவது. அதில் பாதிக்கப்பட்டவன் அவளுடைய கணவன். உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது அரசனைக் கண்டிக்க வந்த தீர்க்கதரிசி நாத்தான், ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்ததாகச் சொன்ன கதையிலும், ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்தவன் உரியாதான். தாவீதின் அரண்மனையிலேயே இருந்த அவன் மனைவியருக்கு நேர்ந்த துரோகம் கதைக்குள் வரவில்லை. அப்படிப்பட்ட உலகில் ஒரு கணவன் தன் சொந்த மனைவிக்கு எதிராகவே இந்தப் பாவத்தைச் செய்ய முடியும் என்று இயேசு சொன்னபோது, கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்க வேண்டும்.

பவுலும் இதே வழியில்தான் போகிறார். மனைவியின் உடல்மேல் கணவனுக்கு அதிகாரம் உண்டு என்று கொரிந்து சபைக்கு எழுதியவர், அதே மூச்சில் கணவனின் உடல்மேல் மனைவிக்கும் அதிகாரம் உண்டு என்று முடிக்கிறார். முதல் பாதி அந்த ஊருக்குப் பழகிய சங்கதி. இரண்டாம் பாதிதான் அடி.

பழைய ஏற்பாடு முழுக்க ஆண்களுக்குச் சலுகை காட்டுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. சாலொமோனுக்கு 700 மனைவியர், 300 மறுமனையாட்டிகள் என்று எழுதி வைத்த அதே வேதம், அந்தப் பெண்களால்தான் அவன் இருதயம் வழிவிலகியது என்றும் எழுதுகிறது. தீர்க்கதரிசி மல்கியாவோ, இளவயதில் கைப்பிடித்த மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களிடம், அந்த உடன்படிக்கைக்குக் கடவுளே சாட்சி என்கிறார். பலிபீடத்தில் எவ்வளவு அழுதாலும் அவர்களுடைய காணிக்கை ஏற்கப்படாததற்கு அவர் சொல்லும் காரணம் அதுதான்.

அந்த உடன்படிக்கையை வாழ்ந்து காட்டிய ஆண்களும் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கொலம்பியா வேதாகமக் கல்லூரிக்கு 22 ஆண்டுகள் தலைவராக இருந்தவர் ராபர்ட்சன் மெக்குவில்கின். மனைவி மியூரியலுக்கு அல்சைமர் நோய். கணவர் கண்ணில் படாவிட்டால் அவர் தவித்துப்போவார். அவரைத் தேடி, போகவர ஒரு மைல் தூரமுள்ள கல்லூரிக்கு மியூரியல் ஒரே நாளில் பத்து முறைகூட நடப்பார். இரவில் பார்த்தால் பாதங்களில் ரத்தம். காப்பகத்தில் விடலாமே என்று வேண்டியவர்கள் சொன்னார்கள். மெக்குவில்கின் 1990-இல் பதவியை விட்டார். 2003-இல் மியூரியல் இறக்கும்வரை குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் கணவர் கையில். அதைத் தியாகம் என்று யாராவது புகழ்ந்தால் அவர் ஒப்புக்கொள்வதில்லை. இத்தனை வருடம் அவள் என்னைக் கவனித்துக்கொண்டாள், இப்போது என் முறை என்பது அவர் கணக்கு. நோயிலும் கைவிடேன் என்று மணநாளில் சொன்ன வார்த்தை வேறு இருக்கிறதே.

நம் ஊர்த் திருமண ஆராதனைகளில் எபேசியர் 5-ஆம் அதிகாரம் தவறாமல் வாசிக்கப்படும். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்பதற்குப் பிரசங்கத்தில் பத்து நிமிடம் கிடைக்கும். கிறிஸ்து சபைக்காக உயிரைக் கொடுத்ததுபோல் கணவன் மனைவியில் அன்புகூர வேண்டும் என்ற வரி, விருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் ஓடிவிடும். அந்தப் பகுதியில் கணவனுக்குச் சொன்னதுதான் அதிகம் என்பதைப் புத்தகத்தைத் திறந்து வரிகளை எண்ணினாலே பார்க்கலாம்.

பிறகு ஒருநாள் அந்த மணமகள், கணவனின் தொடர்பு தெரிந்து அழுதுகொண்டு ஆயர் வீட்டு வாசலில் நிற்கிறாள். ஜெபம் பண்ணு, பொறுமையாயிரு, பிள்ளைகளை நினைத்துப் பார் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் பல சபைகளில் இன்னும் போகவில்லை. தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்கே சொல் என்று மத்தேயு 18-இல் ஒரு நடைமுறை இருக்கிறது. கடனுக்கும் நிலத்தகராறுக்கும் அதை நினைவில் வைத்திருக்கும் மூப்பர்கள், இந்த விஷயத்திலும் கணவனின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், அதுவும் அந்தப் பெண்ணுக்குப் பொறுமையைப் போதிக்கும் முன்பு.