எல்லாத்துக்கும் தைலமா?

நம்மூர்ப் பக்கம் எந்த வலி வந்தாலும் ஒரே வைத்தியம்தான். "கொஞ்சம் தைலம் போட்டு நீவி விடு, சரியாப் போயிடும்." இடுப்பு வலிக்கும் அதுதான், நெஞ்சு வலிக்கும் அதுதான். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நான் தைலத்துக்கு எதிரி இல்லை. 1893-ல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் இல்லாத வீடு நம் தலைமுறையில் உண்டா? சிங்கப்பூர் கோடாலித் தைலத்தைப் பீரோவில் பூட்டி வைத்தவர்கள் நாம். கோட்டைக்குப்பத்தில் நாளெல்லாம் வலை இழுத்தவர் தோளுக்கும், ஏரியில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களின் இடுப்புக்கும் ராத்திரி எண்ணெய் போட்டு நீவினால் சுகம்தான். யார் வேண்டாம் என்றது?

ஆனால் எல்லாவற்றையும் தேய்க்கக் கூடாது.

கடலில் சொறி பட்டால் தேய்க்கவே கூடாது. அதன் இழையில் வெடிக்காமல் மிச்சமிருக்கும் நச்சுப் பைகள், தேய்க்கத் தேய்க்க வெடிக்கும். கடல் தண்ணீரால் கழுவி இழையை எடுத்துவிட வேண்டும். திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால் தோல் வேகாமல், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் முக்கி வையுங்கள், அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும். பிறகு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை.

விழுந்து வீங்கிய காலை நீவினால், உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அது நகர்ந்துவிடும். அடிபடாமலே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். அதைத் தேய்த்தால் கட்டி கிளம்பி நுரையீரலை அடைக்கலாம்.

எல்லாவற்றையும் விட மோசம் நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டும், இடது கை வலிக்கும், தாடை இழுக்கும். வீட்டில் என்ன சொல்கிறோம்? "வாயுப் பிடிப்பு, தைலம் தேய்." தைலத்தின் எரிச்சலில் வலி கொஞ்சம் மறந்த மாதிரி இருக்கும். உள்ளே இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். தேய்க்கிற அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்.

தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டம் கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மாத்திரை அங்கே காத்திருக்க, நாம் தைலப் புட்டியைத் தேடலாமா?

"எங்க பாட்டி தைலத்துலயே எல்லாத்தையும் சரி பண்ணினாங்க" என்பீர்கள். பாட்டி காலத்தில் 108 வண்டி இல்லை. கையில் இருந்ததை வைத்து அவள் சமாளித்தாள். சரியானவர்களைத்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. சரியாகாமல் போனவர்களை 'விதி' என்று சொல்லிவிட்டோம்.

பக்கவாதத்தைக் குணமாக்கும் எண்ணெய் என்று விற்க வருபவரிடமும் சொல்லுங்கள். அப்படி விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. விழுந்த கையைப் பயிற்சி கொடுத்து எழுப்ப, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார், காசு வாங்காமல்.

உழைத்த உடம்புக்குத் தைலம் போடுங்கள், தாராளமாக. நெஞ்சு வலித்தால் மட்டும் புட்டியைத் தொடாமல் 108-க்குப் போன் போடுங்கள். இதை இன்றைக்கே வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் நம்மால் பேச முடியாமல் போகலாம்.