பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும் கேள்வி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்து விசைப்படகுகள் கரையை ஒட்டி நிற்கின்றன. வலையையும் இயந்திரத்தையும் பழுது பார்க்கும் நாட்கள் இவை. இடையில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் வந்துவிடுகிறது. தென்கடலான மன்னார் வளைகுடாவின் நீர் ஆண்டிலேயே மிகவும் சூடேறுவதும், பார்களில் பவளங்கள் வெளுக்கத் தொடங்குவதும் இதே வாரங்களில்தான். தகப்பனும் வீட்டில், பிள்ளையும் வீட்டில், கடலுக்கோ காய்ச்சல். ஆண்டுதோறும் இப்படிக் கூடிவரும் இரண்டு மாதங்களைக் கடலோர விரிவாக்கப் பணியில் இருக்கும் நாம் ஏன் நழுவவிடுகிறோம்?

காலநிலைக்காகக் குரல் கொடுக்கும் இளையோர் என்றதும் நம் கண்முன் வருவது வேறு காட்சி. 2018 ஆகஸ்டில் சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் பதாகையோடு தனியே அமர்ந்த கிரெட்டா துன்பெர்க். 2019 செப்டம்பரில் உலகெங்கும் தெருவுக்கு வந்த மாணவர்கள். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டு மேடையில் 14 வயதில் பேசிய திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். கூட்டத்தையும் மேடையையும் வைத்து அளந்தால் மண்டபம் போன்ற ஊர் கணக்கிலேயே வராது. ஆனால் வினிஷாவை அந்த மேடைக்குக் கொண்டுபோனது எது? தெருவில் கரி போட்டு ஓடும் இஸ்திரி வண்டியைப் பார்த்து, அதைச் சூரிய ஒளியில் ஓட வைக்கலாமே என்று அவர் யோசித்ததுதான். இஸ்திரி வண்டியைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அதனால்தான் அந்தப் பேச்சு இங்கே ஒட்டியது.

இளையோரின் குரல் பெரியவர்களின் கருத்தை மாற்றுமா என்பது ஆராயப்பட்ட கேள்வி. அமெரிக்காவில் 1,303 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. கிரெட்டாவை நன்கு அறிந்தவர்களிடம், சேர்ந்து முயன்றால் மாற்றம் வரும் என்ற நம்பிக்கையும் கூடுதலாக இருந்தது. எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. நமக்கு இன்னும் நெருக்கமானது 2019இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஆய்வு. அது வட கரோலைனாவின் கடலோரப் பள்ளிகளில் நடந்தது. மாணவர்கள் வகுப்பில் காலநிலை மாற்றத்தைப் படித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய், வானிலை எப்படி மாறியிருக்கிறது என்று பெற்றோரைக் கேட்டார்கள். அந்தப் பெற்றோரிடம் காலநிலை குறித்த அக்கறை கூடியது. அதிகம் மாறியவர்கள் தந்தையரும், இந்தப் பேச்சையே ஏற்காத பழமைவாத அரசியல் சார்பு கொண்டவர்களும். அதிகம் மாற்றியவர்கள் மகள்கள்.

அங்கே வேலை செய்தது ஒரு கேள்வி. பிள்ளை பாடம் நடத்தவில்லை. தகப்பனின் அனுபவத்தைக் கேட்டது. இந்த வேறுபாடு நம் ஊருக்கு இன்னும் பொருந்தும். 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டர் நிறுவனமும் இந்தியாவில் எடுத்த கணக்கெடுப்பில், புவி வெப்பமாதலைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 விழுக்காடு. சுருக்கமாக விளக்கிவிட்டுக் கேட்டபோது, அது நடக்கிறது என்றவர்கள் 84 விழுக்காடு. இங்கே மறுப்பவர்கள் குறைவு. மக்களிடம் பட்டறிவு இருக்கிறது, அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் போய்ச் சேரவில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தவர்கள், அந்தக் காற்றுகள் முன்போல் கணக்குக்குள் நிற்பதில்லை என்று நம்மிடமே சொல்கிறார்கள். அவர்களிடம் போய் விழிப்புணர்வு என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்குவது, விழித்திருப்பவரைத் தட்டி எழுப்புவதாகும்.

இதை நன்கு உணர்ந்து இயங்குவது பாம்பனில் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி. மீனவர் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ 2016இல் தொடங்கிய இந்த 90.4 அலைவரிசையில் பேசுபவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். ‘சமுத்திரம் பழகு’ என்ற நிகழ்ச்சி, மாறிவரும் பருவநிலையைக் கடலுக்குப் போகிறவரின் பேச்சிலேயே பேசுகிறது. தன் ஊர்ப் பிள்ளை கேட்கும்போது மூத்தவர் மனம் திறந்து சொல்கிறார். அவர் சொன்னதை அடுத்த தெருவும் கேட்கிறது. பொதுக்கருத்து இந்தக் கரையில் இப்படித்தான் உருவாகிறது.

இதே வழி அடைபட்டுப் போவதும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. தலைமுறைகளாகத் தீவோரத்தில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைத்த பெண்கள் அத்துமீறியவர்களாகப் பார்க்கப்பட்டார்கள். அந்தப் பெண்களோ மாதத்துக்கு 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் 45 நாள் எடுக்காமல் விடுவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுத்த சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. 2016 வெளுப்பில் வளைகுடாவின் பவளங்களில் ஏறத்தாழ 16 விழுக்காடு மடிந்தது. அந்தச் சூட்டைப் பாசி எடுக்கும் கைகள் உண்டாக்கவில்லை. ‘கடலைக் காப்போம்’ என்ற பதாகையைக் கொடுத்து நாம் அனுப்பும் மாணவி, தன் பாட்டியைக் குற்றவாளியாக்கும் வாசகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே பேச்சு முடிந்துவிடும். பாட்டி போட்ட கட்டுப்பாட்டைத் தெரிந்துகொண்டு நுழைந்தால் பேச்சு அங்கேதான் தொடங்கும்.

எனவே நாம் செய்ய வேண்டியவை எளியவை, இதுவரை செய்யாதவை.

முதலாவது, தரவு ஊருக்குத் திரும்ப வேண்டும். வளைகுடாவின் குருசடைத் தீவுக் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் நூல் வெளியிட்டது 1927இல். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவானது 1947இல். இவ்வளவு நீண்ட அறிவியல் மரபு இருந்தும், நம்மில் பலர் இங்கே அளந்தது ஆங்கிலக் கட்டுரையாகி ஊரைவிட்டுப் போய்விடுகிறது. தடைக்காலம் முழுவதும், வாரத்துக்கு ஒருமுறை, வடகடலிலும் தென்கடலிலும் நீர் எவ்வளவு சூடு என்பதைத் தமிழில் மீன் இறங்குதளத்திலும் படிப்பகத்திலும் எழுதி வைப்போம். 30 பாகைக்கு மேல் நாட்கணக்கில் நீடித்தால் பவளம் வெளுக்கும் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.

இரண்டாவது, விடுமுறைக்கு ஒரு குறிப்பேடு. வீட்டில் மூத்தவர்களிடம் மூன்று கேள்விகள்: நீங்கள் என் வயதில் பார்த்து இப்போது காணாமல் போன மீன் எது? எந்தக் காற்று தவறுகிறது? கடல் எங்கே ஏறியிருக்கிறது? வரும் பதில்களை இடம், ஆண்டு குறித்துத் தொகுப்போம். அவற்றை நம் அளவீடுகளோடு ஒப்பிட்டு, பொருந்துவதையும் பொருந்தாததையும் அந்தக் குடும்பங்களுக்கே சொல்வோம்.

மூன்றாவது, பிள்ளைகளின் கேள்விக்கு எல்லை கட்டக் கூடாது. கரையில் நெகிழி பொறுக்கச் சொன்ன மாணவன், 2025இல் நம் மாவட்டத்தைக் கலக்கிய 20 ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறுகள் திட்டத்தைப் பற்றி நாளை கேட்பான். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர்களில் இளைஞர்கள் முன்னே நின்றார்கள். கேட்பது அவர்கள் உரிமை. தெரிந்ததை மறைக்காமல் சொல்வது நம் கடமை. நம் அலுவலகச் செய்திக்கு ஒலிபெருக்கியாக மட்டும் அவர்களைப் பயன்படுத்தினால், அவர்கள் சொல்வதை வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

பேரணியில் எத்தனை பேர் நடந்தார்கள் என்பதை நம் ஆண்டறிக்கைகள் எழுதுகின்றன. எத்தனை வீடுகளிலிருந்து குறிப்பேடு நிரம்பித் திரும்பியது என்பதையும் வரும் அறிக்கையில் எழுதுவோம். தடைக்காலம் முடிந்து படகுகள் மீண்டும் கடலுக்குப் போகும். அன்று நீரில் கை வைத்துப் பார்க்கும் ஒருவர், மகள் சொன்ன எண்ணை நினைத்துக்கொண்டு வைக்கட்டும்.