பொத்தானை அழுத்துமுன்

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த மருமகன் சோடியாகக் கொண்டுவந்து கொடுத்த கையடக்கப் பேச்சு வானொலிகள் இரண்டைப்பற்றி அளவெட்டி வாசகர் ஒருவர் எமக்கு எழுதியிருக்கிறார். ‘வோக்கி ரோக்கி’ என்று எல்லோரும் அழைக்கும் கருவிதான். பெட்டியின்மேல் 35 மைல் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறதாம். அவரோ ஒன்றை வீட்டில் மனைவியாரிடம் கொடுத்துவிட்டு, மற்றதுடன் சைக்கிளிற் சுன்னாகம் சந்தைக்குப் புறப்பட்டால், பாதி வழியிலேயே பேச்சு இரைச்சலாகிப் பின்னர் அறவே நின்றுவிடுகிறதாம். கருவி பழுதா, மருமகன் ஏமாந்தாரா, பெட்டி பொய் சொல்லுகிறதா என்று மூன்று வினாக்கள் தொடுத்திருக்கிறார்.

மூன்றுக்கும் எமது விடை ‘இல்லை’ என்பதே. பெட்டி பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இவ்வகைக் கருவிகள் வேலை செய்வது 462, 467 மெகாஹேட்ஸ் மீடிறன்களை ஒட்டியாகும். அம்மீடிறன்களிலே எழும் அலைகள் ஏறத்தாழ ஒளியைப்போல நேர்கோட்டிற் செல்பவை. நம் வீட்டுப் பழைய வானொலிப் பெட்டியின் சிற்றலைகளைப்போல வானத்து அயன் மண்டலத்திற் பட்டுத் திரும்பி வருவன அல்ல. பூமியோ உருண்டை. ஆகவே, பேசுபவரின் அன்ரனா தொடுவானத்தைக் காணும் தூரமே அலை எட்டும் தூரம் என்று கொள்ளலாம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அன்ரனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, 4.12 ஆற் பெருக்கினால் தூரம் கிலோமீற்றரில் வரும். வளிமண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதனால் இத்தூரம் கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தினும் சிறிது கூடியதாகும்.

கருவியைக் கையிற் பிடித்து நிற்பவரின் உயரம் 1.5 மீற்றர் எனின், தொடுவானம் 5 கிலோமீற்றர். எதிரில் நிற்பவருக்கும் 5. இரண்டையும் கூட்டினால் 10. இதுவும் ஆனையிறவு வெளியிலோ அமைதியான களப்பின் இரு கரைகளிலோதான் வாய்க்கும். மதிலும் மாமரமும் மாடிவீடும் நிறைந்த ஊருக்குள்ளே ஒன்றிரண்டு கிலோமீற்றர் கிடைத்தாற் போதும் என்று திருப்திப்பட வேண்டியதுதான். பெட்டியிலுள்ள 35 மைலை, அதாவது 56 கிலோமீற்றரை, அடைய வேண்டுமானால் ஒருவர் தரையில் நிற்க மற்றவர் ஏறத்தாழ 150 மீற்றர் உயரத்தில் நிற்கவேண்டும். 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 174 மீற்றர் உயரமானது. அன்பர் மனைவியாரை அதன் உச்சியில் ஏற்றிவிடத் துணிவாராயின் பெட்டியின் வாக்குப் பலிக்கும்.

வாசகர் பலர் இங்கே, வலுவைக் கூட்டினால் என்ன என்று கேட்பர். 1 வாற்றுக் கருவிக்குப் பதிலாக 4 வாற்றுக் கருவி வாங்கினால் நான்கு மடங்கு தூரம் போகும் என்பது பரவலான எண்ணம். அது தவறு. வலு நான்கு மடங்காகும்போது, கேட்பவரின் கருவியிலே அலையின் பலத்தைக் காட்டும் அளவையில் ஒரேயொரு படிதான் ஏறும். இடையில் நிற்கும் பூமியின் வளைவை அந்த ஒரு படி ஊடுருவாது. உயரத்தின் பெருமையை அறிய வேறொரு சான்று போதும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2020ஆம் ஆண்டு அமெச்சூர் வானொலியாளருக்கென ஒரு திருப்பிச்சொல்லும் கருவி பொருத்தப்பட்டது. அந்நிலையம் தலைக்குமேல் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் செல்கிறது. சாதாரணக் கைக்கருவியின் 5 வாற்று அலை அங்கே போய்ச் சேருகிறது. பத்து மைலுக்கு அப்பாலுள்ள அடுத்த ஊருக்கோ போய்ச் சேருவதில்லை. இடையில் ஒன்றும் மறைக்காமையே அதன் காரணம்.

மலையற்ற யாழ்ப்பாணத்தில் உயரத்துக்கு எங்கே போவது என்று நாம் மலைக்க வேண்டியதில்லை. 25 மீற்றர் உயர்ந்த ஒரு பனையின் தலையளவில் அன்ரனா நின்றால் அதன் தொடுவானம் 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 16 மீற்றர் உயரமான தண்ணீர்த் தாங்கியின் மேலாயின் 16 கிலோமீற்றர். முற்றத்தில் நின்று கத்துவதைவிட மொட்டை மாடியில் ஏறி மெதுவாகப் பேசுவது எப்பொழுதும் மேல்.

இனி, ‘றிப்பீற்றர்’ எனப்படுவதைப்பற்றிச் சொல்லவேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் நிலையம் என்று இதனைத் தமிழில் விளக்கலாம். உயர்ந்த இடமொன்றிலே நிறுத்தப்பட்ட இந்நிலையம், ஒரு மீடிறனிற் கேட்டதை அந்தக் கணமே இன்னொரு மீடிறனிற் கூடிய வலுவுடன் ஒலிபரப்பிவிடும். மலையடிவாரத்தின் இரு பக்கத்திலும் இருப்போர் ஒருவரையொருவர் காணார். ஆயினும் உச்சியில் இருப்பவன் இருவரையும் காண்பான் அல்லவா? அவன் வாயிலாக இருவரும் பேசிக்கொள்வது போன்றதே இது. பிதுருதலாகலை மலையின் உயரம் 2,524 மீற்றர். மேற்சொன்ன கணக்கின்படி அதன் தொடுவானம் 200 கிலோமீற்றரைத் தாண்டும். தொலைக்காட்சி ஒலிபரப்புக்கு அவ்வுச்சி தேர்ந்தெடுக்கப்பட்டமை வியப்பன்று. இக்கருத்தையே விண்வெளிவரை நீட்டி, பூமிக்கு ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதும் பேசலாம் என்று 1945ஆம் ஆண்டிலே எழுதியவர் ஆதர் சி. கிளாக். பின்னர் 1956 முதல் 2008இல் மறையும்வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

ஒரே மீடிறனிற் கேட்டுக்கொண்டே பேசவும் முற்பட்டால் நிலையம் தன் குரலைத் தானே கேட்டுச் செவிடாகிவிடும். அதனாலேயே இரு மீடிறன்கள். 145 மெகாஹேட்ஸ் வட்டாரத்தில் இவற்றின் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹேட்ஸ். கைக்கருவியிலும் இந்த இடைவெளியைச் சரியாகப் பதிந்துவைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நிலையம் கண்ட கண்ட இரைச்சலுக்கெல்லாம் விழித்துக்கொள்ளாதிருக்க, பேச்சுடன் சேர்ந்துவரும் தாழ்ந்த தொனியொன்றைத் திறப்பாக வைத்திருப்பர். 67 ஹேட்ஸ் முதல் 254 ஹேட்ஸ் வரையுள்ள தொனிகளுள் ஒன்று அது. ‘நிலையம் எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அதற்குக் கேட்கவில்லை’ என்று முறையிடுவோரிற் பலர் இத்தொனியைப் பதிய மறந்தவர்களாகவே இருப்பர். சில கருவிகளின் விளம்பரத்தில் இதனை இரகசியக் குறியீடு என்று குறிப்பிடுகிறார்கள். அது சுத்தத் தவறு. தொனி பிறர் பேச்சை நம் செவிக்கு மறைக்குமேயன்றி நம் பேச்சைப் பிறர் செவிக்கு மறைக்காது. குடும்ப விடயங்களையும் நகைப்பெட்டி இருக்குமிடத்தையும் பேசுவதற்கு இது உகந்த இடமன்று.

நிலையத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டும். புயலில் மின்சாரம் அற்று, பற்றரியும் இறங்கிவிட்டால் அது ஊமை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது தென்கரையில் தொலைபேசி செயலிழந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர் வானொலியாளர் சிற்றலைக் கருவிகளுடன் அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினர். அந்தமான் தீவிலே அவ்வேளை வானொலிப் பயணமொன்றுக்காகத் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்திய அம்மையார், தப்பியவர் பற்றிய செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இவர்களுக்கு நடுவில் எந்தக் கோபுரமும் தேவைப்படவில்லை. அயன் மண்டலமே கோபுரம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோதும் கைத்தொலைபேசிகள் பல இடங்களில் ஓய்ந்துபோயின. எனவே றிப்பீற்றரைப் பயன்படுத்துங் குழுவினர், அது நின்றுவிட்டால் கருவிக்குக் கருவி நேராகப் பேசும் மீடிறன் எது என்பதையும், எந்த நேரத்தில் எல்லோரும் கேட்டிருப்பது என்பதையும் முன்கூட்டியே தாளில் எழுதி வைத்தல் வேண்டும். இதனைச் செய்யாத குழுக்களே அதிகம்.

பேசும் முறைக்கு வருவோம். நாம் மிக முக்கியமாகக் கருதுவது இதனையே. பொத்தானை அழுத்துமுன் சிறிது நேரம் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவரே பேசக்கூடிய வழி இது. அழுத்தியவுடன் பேசத் தொடங்காதீர்கள். நிலையம் தொனியைக் கேட்டு விழித்துக்கொள்ள ஒரு கணம் வேண்டும். அவசரப்பட்டால் முதற்சொல் விழுங்கப்பட்டுவிடும். முதற்சொல் பெரும்பாலும் அழைக்கப்படுபவரின் பெயர். பெயர் போனால் அழைத்தது யாரை என்று ஒருவருக்கும் தெரியாது.

பேச்சின் முடிவிலோ இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. நம் தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும்; எதிர்மறை அவ்வினையின் வாலிலே ஒட்டியிருக்கும். ‘பாலத்தால் வரலாம்’, ‘பாலத்தால் வரமுடியாது’ என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எழுத்து வாயிலிருக்கும்போதே விரலை எடுத்துவிடும் பழக்கம் உள்ளவர் பேசினால், கேட்பவருக்கு ‘பாலத்தால் வர’ என்பது மட்டுமே எட்டும். வெள்ளத்திலே ஒரு லொறியை அனுப்புவதா விடுவதா என்பது இந்த வாலைப் பொறுத்தது. ஆகையால் வாக்கியம் முடிந்தபின் ஒன்று எண்ணிவிட்டு விரலை எடுங்கள். அதனினும் நன்று, முடிவை முதலிற் சொல்லிவிடுவது: ‘பாலம் மூடப்பட்டுவிட்டது. பாலத்தால் வரவேண்டாம்.’

எண்களிலும் இதே தொல்லை. ஒன்பது, ஐம்பது, எண்பது என்ற மூன்றும் இரைச்சலினூடே ‘பது’ என்று மட்டும் கேட்கும். அறுபதும் எழுபதும் அவ்வாறே. ஐம்பது உணவுப்பொதி கேட்ட முகாமுக்கு ஒன்பது போய்ச் சேர்ந்தால் யார் மீது குறை சொல்வது? இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: ‘ஐந்து, பூச்சியம்.’ கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். ‘சரி, சரி’ என்பது திருப்பிச் சொல்லியதாகாது. கோவில் திருவிழாக்களில் தொண்டர்கள் இக்கருவியைப் பயன்படுத்தும்போது, காணாமற்போன குழந்தையின் வயதையும் சட்டையின் நிறத்தையும் இம்முறையிலே சொல்லிப் பழகினால், ஆபத்து வேளையில் நாக்குத் தானே அவ்வழி போகும்.

ஒருவர் பேசி முடித்ததும் உடனே பாயாமல் இரண்டு மூன்று விநாடி விடுதலும் ஒரு வழக்கம். அந்த இடைவெளியில் அவசரச் செய்தி உள்ளவர் நுழையலாம். நிலையங்கள் பலவற்றில் 3 நிமிடத்துக்குமேல் ஒருவர் தொடர்ந்து பேசினால் தானே வாயை அடைத்துவிடும் கடிகாரமும் உண்டு. சில சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களிலும் இதனைப் பொருத்தலாம் என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

இனி அளவெட்டி அன்பருக்குச் சற்று மனவருத்தம் தரும் செய்தி. அக்கருவிகள் கனடாவில் அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்தத் தக்கவை, இங்கே அவ்வாறன்று. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, அலை எழுப்புங் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒரு நாட்டிலே குடும்பத்தாருக்கு விடப்பட்ட மீடிறன் இன்னொரு நாட்டிலே வேறொரு சேவைக்கு உரியதாயிருக்கலாம். மலிவாக விற்கும் சில கருவிகளோ எந்த மீடிறனிலும் அலை எழுப்ப வல்லவை. அறியாத கை அதனைத் தொட்டால் பிறர் உயிர்காக்கும் பேச்சினூடே போய் விழும். யுத்த ஆண்டுகளில் இக்கருவிகள் எத்துணைச் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டன என்பதை நம் பகுதியில் எவருக்கும் நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆதலின் அனுமதி கிடைக்கும்வரை இரண்டையும் பெட்டிக்குள் வைத்திருப்பதே அன்பருக்கு நலம். இத்துறையில் உண்மையான ஆர்வம் இருந்தால் ஆணைக்குழு நடத்தும் அமெச்சூர் வானொலிப் பரீட்சைக்குத் தோற்றலாம். தேறினால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் பிள்ளைகளுக்கு அப்பாடம் கடினமன்று; பாடப்புத்தகத்திலே படித்த அலைநீளத்தைக் கம்பியில் அளந்து வெட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு வேறெங்கு கிடைக்கும்?

பெட்டிக்குள் வைக்குமுன் இவற்றைக் கவனித்துக்கொள்க. இலிதியம் பற்றரியை முற்றாக இறங்கிய நிலையிலோ முற்றாக ஏற்றிய நிலையிலோ மாதக்கணக்கில் விடாமல், பாதியளவு ஏற்றி, வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை பார்க்கவேண்டும். சாதாரணப் பற்றரி போடும் கருவியாயின் பற்றரியைக் கழற்றியே வைக்கவேண்டும். கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும். அன்ரனாவைக் கழற்றக்கூடிய கருவியில், அன்ரனா பூட்டாமல் ஒருபோதும் பேச்சுப் பொத்தானை அழுத்தவே கூடாது. வெளியேற வழியற்ற வலு உள்ளேயே திரும்பிக் கருவியைச் சுட்டுவிடும். சிறு பிள்ளைகள் கையில் அகப்படாமல் வைப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.