கற்கும் காலத்துப் பசி

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு நடுவே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளை ஒட்டி அமைந்த ஊர் கிள்ளை. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பேரூராட்சியிலிருந்து சிதம்பரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவே. அங்கே 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சற்று வடக்கே, சி.முட்லூரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. உயர்கல்வி நிலையங்கள் இவ்வளவு அருகில் அமைவது கடற்கரை ஊர்கள் எல்லாவற்றுக்கும் வாய்த்த பேறன்று. ஆயினும் கிள்ளையிலும் அதனைச் சூழ்ந்த மீனவர் குடியிருப்புகளிலும் இருந்து கல்லூரிக்குப் புறப்படும் ஒரு மாணவருக்கு அந்தத் தொலைவு நாள்தோறும் கூடியும் குறைந்தும் வருகிறது. அதற்குக் காரணம் சாலையன்று, கடல்.

கழிமுகத்தில் தொழில் செய்வோர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, நீரைப் பார்க்கின்றனர். ஓதம் ஏறுவதும் வற்றுவதும் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி நிகழும். திங்கட்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்கு வற்றிய நீர், வெள்ளிக்கிழமை வற்றும்போது எட்டு மணியை நெருங்கிவிடும். கல்லூரி மணியோ ஐந்து நாளும் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. இப்பகுதியில் வாழும் இருளர்கள் கால்வாய்களில் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் திறம் வாய்ந்தவர்கள். அத்தகைய குடும்பத்திலோ, சிறுபடகும் வலையும் கொண்ட குடும்பத்திலோ பிறந்த மாணவர், தந்தையோடு நீரில் இறங்கிய பின்னரே பேருந்து நிறுத்தத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் அது எளிது. மறுவாரம் வற்றமும் முதல் பாடவேளையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அப்போது விடுபட்டுப் போவது பாடமுமன்று, வேலையுமன்று. காலை உணவுதான் விடுபடுகிறது.

வேலை, படிப்பு, உணவு, உறவு ஆகிய நான்கையும் சமன்செய்து வாழக் கற்பதே கல்லூரி வாழ்வு என்று பலரும் கூறுவர். நான்கும் ஒரே எடையுள்ளவை என்பது போன்ற தோற்றத்தை இக்கூற்று தருகிறது. நடைமுறை அவ்வாறில்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. வகுப்புக்குப் போகாவிட்டால் வருகை குறையும். எழுபத்தைந்து விழுக்காடு இல்லையெனில் தேர்வெழுதுவதே ஐயத்துக்குரியதாகிவிடும். வயிற்றுக்கு மட்டும் வருகைப் பதிவேடு இல்லை. ஆகையால், நெருக்கடி வரும்போதெல்லாம் ஓசையின்றிக் குறைக்கப்படுவது உணவே ஆகும்.

முகூர்த்த நாள்களில் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறும் இளைஞர்களை உற்று நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். ஒரே நிறச் சட்டை அணிந்து, சாம்பார் வாளியும் சோற்றுத் தட்டும் ஏந்தி விரையும் அவர்களுள் பலர் கல்லூரி மாணவர்கள். சமையல் ஒப்பந்தக்காரர் முதல்நாள் மாலையே அவர்களை அழைத்துக்கொள்வார். இரவுப் பந்தி முடியப் பதினொரு மணியாகும். மேசை துடைத்துப் பாத்திரங்களை ஒதுக்கி முடிக்கையில் நள்ளிரவு கடந்திருக்கும். காலைச் சிற்றுண்டிக்கு இலை போட விடியுமுன் எழ வேண்டும். கடைசிப் பந்தி எழுந்த பின்னரே பரிமாறியவருக்கு இலை விரிக்கப்படும். அதற்குள் பொரியல் தீர்ந்திருக்கும். வடை எண்ணிக்கையில் குறைந்திருக்கும். சோறும் ரசமும் எஞ்சியிருக்கும். அன்றைய ஊதியம் ஒரு பருவத் தேர்வுக் கட்டணத்தின் பகுதியாகும். மறுநாள் வகுப்பில் அவர் கண்ணயர்ந்தால், அக்கறையற்றவர் என்ற பெயரும் அவருக்குக் கிடைக்கும்.

மாணவியரின் நிலை இதனினும் மறைவானது. அவர்களின் வேலைக்குப் பெரும்பாலும் ஊதியமும் இல்லை, வேலை என்ற பெயரும் இல்லை. தாய் மீன்கூடையோடு சந்தைக்குச் சென்ற வீட்டில் தண்ணீர் பிடிப்பதும், அடுப்பு மூட்டுவதும், தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்புவதும் மூத்த மகளின் கடமையாகக் கருதப்படுகின்றன. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அவள் புறப்படுகையில், பேருந்து வந்துவிடும். மண்டபத்தில் மாணவனுக்குக் கிடைப்பது கடைசி இலையெனில், வீட்டில் மாணவிக்கு எஞ்சுவது சட்டியின் அடியே.

உணவு குறையும் இடத்தில் உறவும் குறைகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தேநீர்க் கடையில் இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று முறைவைத்துக் காசு கொடுப்பது மாணவரிடையே நிலவும் எழுதாத விதி. தன் முறை வரும் நாளை அஞ்சுபவர் மெல்ல மெல்ல அந்த முறையிலிருந்தே விலகிவிடுவார். ‘படிக்க வேண்டியிருக்கிறது’ என்று காரணம் சொல்வார். தோழர்கள் அதனைத் தலைக்கனம் என்று பொருள் கொள்வர். நண்பகலில் சோற்றுப் பாத்திரங்கள் திறக்கப்படும் மரத்தடியைத் தவிர்த்து அவர் நூலகத்துக்குள் நுழைவார். (நண்பகலில் நூலகத்தில் அமர்ந்திருப்பவர் எல்லாரும் நூலின்மீது கொண்ட காதலால் அமர்ந்திருப்பவர் அல்லர் என்பதை நூலகர்கள் அறிவர்.) சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க மாட்டார், பிறந்தநாள் கூட்டங்களுக்கு வர மாட்டார். ஈராண்டில் அவருக்கு நண்பர் என்று சொல்ல ஒருவர் இருவரே எஞ்சுவர்.

வீட்டிலும் ஓர் இடைவெளி விழுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி செல்பவரிடம், அன்று என்ன பாடம் நடந்தது என்று தாயால் கேட்க இயல்வதில்லை. அவருக்குக் கேட்கத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறார். “சாப்பிட்டியாப்பா?” என்பது அக்கேள்வி. “சாப்பிட்டேம்மா” என்பது விடை. அவ்விடை பொய் என்பது இருவருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் மறுநாள் தாய் தன் பங்கைக் கட்டிக் கொடுத்துவிடுவார் என்பது மகனுக்குத் தெரியும். அதனாலேயே மகன் மறைக்கிறான் என்பதைத் தாயும் அறிவார்.

இத்தகைய துன்பங்களைக் கடந்து வெற்றி பெற்றவரைச் சமுதாயம் மனமாரப் புகழ்கிறது. வறுமையில் வாடிப் படித்து உயர்ந்தவர் என்ற தொடர் இடம்பெறாத பாராட்டு விழாக்கள் குறைவு. புகழ்பவரின் நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் அப்புகழ்ச்சியில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. பசியை மாணவரின் பெருமையாக மாற்றிவிட்டால், அதைப் போக்க வேண்டிய பொறுப்பு எவருக்கும் இல்லாது போகிறது. தெருவிளக்கின் அடியில் அமர்ந்து படித்தவர்களை முன்னைய தலைமுறை போற்றியது. அதற்காக எந்த அரசும் வீடுகளுக்கு மின்சாரம் வழங்காமல் இருந்துவிடவில்லை. இன்று எந்தத் தாயும் தன் பிள்ளையை ‘தெருவிளக்கில் போய்ப் படி, உயர்வாய்’ என்று அனுப்புவதுமில்லை. இருட்டு மாணவரின் மன உறுதியை வளர்க்கும் என்று எவரும் வாதிடாதபோது, பசி வளர்க்கும் என்று மட்டும் எவ்வாறு நம்ப இயலும்?

பிச்சை ஏற்றேனும் கற்க வேண்டும் என்று அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை அறிவுறுத்துகிறது. மாணவரின் உறுதிக்குச் சான்றாக மட்டுமே அவ்வறிவுரை எடுத்தாளப்படுகிறது. ஏற்பவர் ஒருவர் உண்டெனில் இடுபவரும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற மறுபாதியையும் அது உணர்த்துகிறது. தமிழகம் அந்த மறுபாதியை அறியாததன்று. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அங்கிருந்த கல்விநிலையத்தின் கணக்கைத் தருகிறது. இளநிலை மாணவர் 270 பேர். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவர் 70 பேர். அவர்களுக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. அங்கு வேதமும் அதனைச் சார்ந்த நூல்களுமே பயிற்றுவிக்கப்பட்டன. அக்கல்விநிலையத்தின் கதவு எல்லாக் குலத்தாருக்கும் திறக்கவில்லை. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கற்பவரின் தகுதி உயர உயர அவருக்கு அளிக்கும் நெல்லின் அளவும் உயர்ந்தது என்ற செய்தி கருதத்தக்கது.

இக்காலத்து நிலை இதற்கு நேர்மாறானது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய பள்ளி உணவு, 1956இல் காமராசரின் மதிய உணவுத் திட்டமாக விரிந்து, 1982இல் எம்.ஜி.ஆர் காலத்தில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது; 2022 முதல் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் சேர்ந்தது. உலகமே உற்றுநோக்கும் அருஞ்செயல் இது. ஆனால் சத்துணவுத் தட்டு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவரின் பசி ஒரு கோடை விடுமுறையில் எப்படித் தீர்ந்துவிடும் என்று எவரும் விளக்குவதில்லை. வளரும் உடல் மிகுதியாக உணவு கேட்கும் வயதில், நெடுந்தொலைவு பயணமும் வேலையும் சேரும் பருவத்தில், உணவு முற்றிலும் மாணவரின் சொந்தப் பொறுப்பாகிவிடுகிறது.

அரசு ஏதும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தின்கீழ் 2022 முதலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்கீழ் 2024 முதலும் மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. மாணவர் விடுதிகளில் இடம்பெற்றோருக்கு உணவு உண்டு. வீட்டிலிருந்து வந்து செல்பவருக்கோ அந்த 1000 ரூபாயே துணை. மாதத்தில் இருபத்தைந்து நாள் கல்லூரி நடந்தால், நாளொன்றுக்கு 40 ரூபாய். அது ஒரு வேளைச் சிற்றுண்டிக்குப் போதும். ஆனால் நகலெடுக்கும் செலவு, செய்முறைக் குறிப்பேடு, கைப்பேசிக் கட்டணம், வீட்டில் ஒருவருக்கு மருந்து என்று எல்லாக் கைகளும் அந்தத் தொகையை நோக்கியே நீள்கின்றன. பணமாகத் தரப்படுவது எப்போதும் வயிற்றைச் சென்றடைவதில்லை. சமைத்து இடப்படும் உணவு மட்டுமே உண்ணப்படுகிறது. பள்ளிகளில் அரிசிக்குப் பதிலாகக் காசு தராமல் சோறாக்கி இட்டதன் நுட்பம் இதுவே.

படிக்கும் காலத்தில் வேலையே கூடாது என்பார் உளர். அவ்வாறு விலக்க வேண்டியதில்லை. உழைத்து ஈட்டிய காசில் தங்கைக்கு ஒரு பேனா வாங்கித் தரும் மாணவர் அடையும் நிமிர்வு எளிதில் பெறத்தக்கதன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பெரியா கல்லூரி, 1892 முதல் பயிற்றுக் கட்டணம் பெறுவதில்லை; அங்குப் பயில்வோர் அனைவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணிநேரம் கல்லூரியிலேயே வேலை செய்கின்றனர். அனைவரும் செய்வதால் அங்கு வேலை எவருடைய வறுமையையும் காட்டிக்கொடுப்பதில்லை. இங்கிலாந்துக்குப் பட்டப்படிப்புக்காகச் செல்லும் தமிழக மாணவர், பருவகாலத்தில் வாரத்துக்கு இருபது மணிநேரத்துக்கு மேல் வேலை செய்ய அந்நாட்டு விசா விதி இடம் தருவதில்லை. அவ்விதிக்குப் பிற நோக்கங்களும் இருக்கலாம். ஆயினும் கற்பவரின் உழைப்புக்கு ஓர் எல்லை உண்டு என்ற எண்ணம் அதில் அமைந்துவிடுகிறது. கிள்ளை மாணவரின் மணிநேரங்களை எண்ணுவார் எவருமில்லை. இரவுப் பந்தியும், விடியற்கால வற்றமும், ஞாயிற்றுக்கிழமைத் துணிக்கடையும் சேர்ந்தால் வாரத்துக்கு எத்தனை மணி என்று அவரே கூட்டிப் பார்த்ததில்லை.

ஆகவே செய்ய வேண்டுவன மிகப் பெரியன அல்ல. கல்லூரி வளாகத்திலேயே நூலகத்திலும் அலுவலகத்திலும் தோட்டத்திலும் அளவான மணிநேரத்துக்கு ஊதியத்தோடு வேலை தரலாம். அது நள்ளிரவுப் பந்தியிலிருந்து சிலரையேனும் மீட்கும். முதல் பாடவேளைக்கு முன்னர் எல்லாருக்கும் காலை உணவு வழங்கலாம். எல்லாருக்கும் என்பதே இதில் இன்றியமையாதது. ஏழை மாணவருக்கு மட்டும் என்று தனி வரிசை அமைத்தால், தேநீர்க் கடையைத் தவிர்த்தவர் அந்த வரிசையையும் தவிர்ப்பார். செலவு மிகுதி என்போர், ஒரு நாளைய கஞ்சிக்கும் சுண்டலுக்கும் ஆகும் தொகையையும், பாதியில் படிப்பை விட்டுச் செல்லும் ஒருவருக்காக அதுவரை நாடு செலவிட்ட தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

இது நடவாத கனவுமன்று. 2022இல் பழனித் திருக்கோயிலின் சார்பில் நடத்தப்பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயில்வோருக்குக் காலை உணவு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பசி போக்குதலையே அறத்தின் முதன்மையாகக் கொண்ட வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். வருபவர் யார், எவ்வூரார் என்று வினவாமல் அங்கு இன்றும் சோறிடப்படுகிறது. அந்த வடலூரும் கடலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. கிள்ளைப் பேருந்து வந்து சேரும் சிதம்பரத்திலிருந்து ஒரு காலைப்பொழுதில் சென்று திரும்பும் தொலைவே.