நெசவாளர் வீட்டு முன்பணத்தில் கை வைக்காதீர்

திருவண்ணாமலை மாவட்டம் தேவிகாபுரத்தில் பட்டுத் தறி நெய்யும் குடும்பம் மொத்தமாகப் பணம் பார்ப்பது முதலாளி கொடுக்கும் முன்பணத்தில்தான். திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய அந்தத் தொகை அடையும்வரை வேறு முதலாளியிடம் பாவு வாங்க முடியாது. கூலியை உயர்த்திக் கேட்கவும் நா எழாது. டிகிரி முடித்த பிள்ளையை கிளவுட் கோர்ஸில் சேர்க்கப் பல ஆயிரம் கட்ட வேண்டும் என்றால், அந்தக் குடும்பம் போய் நிற்கும் வாசலும் அதுவே. பிள்ளையைத் தறிக்குழியிலிருந்து கரையேற்றுவதாகச் சொல்லி வாங்கும் கட்டணம், பெற்றோரை அதே குழியில் இன்னும் சில ஆண்டுகளுக்குப் பூட்டிவைக்கிறது. "நூறு சதவீத வேலை உறுதி" என்று விளம்பரம் செய்து இந்தப் பணத்தை வாங்கும் பயிற்சி நிலையங்களையும், அதைக் கண்டும் காணாமல் இருக்கும் அதிகாரிகளையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கிளவுட் துறையில் வேலையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வங்கியும் மருத்துவமனையும் ஜவுளிக்கடையும் சொந்த சர்வர் அறையை மூடிவிட்டு, அமேசானிடமும் மைக்ரோசாஃப்டிடமும் கூகுளிடமும் கணினித் திறனை வாடகைக்கு எடுக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னையிலும் மும்பையிலும் புனேயிலும் தரவு மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-ல் மும்பைக்கு வந்தது. தரவு மையங்களை ஈர்க்கத் தமிழக அரசு 2021-ல் தனிக் கொள்கையே வகுத்தது. தொழில் வளர்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வளர்ச்சியில் மூன்று மாதப் பயிற்சி முடித்த புதியவருக்கு இடம் எங்கே என்பதைத்தான் விளம்பரம் மறைக்கிறது.

கிளவுட் என்பது தனியாக நிற்கும் படிப்பு இல்லை. லினக்ஸ், நெட்வொர்க், டேட்டாபேஸ், நிரல் எழுதுதல் ஆகியவற்றில் ஏற்கெனவே கை பழகியவர் அதற்கு மேல் கற்றுக்கொள்வது அது. ஒரு நிறுவனத்தின் முழுக் கணக்கும் ஓடும் இடத்தைப் பழக்கமில்லாத கையில் யாரும் ஒப்படைப்பதில்லை. அதனால்தான் விளம்பரங்களில் கிளவுட் வேலைக்கு மூன்றாண்டு, ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். புதியவர்கள் நுழைந்து பழகிய சின்ன வேலைகளையோ, அதாவது சர்வர் பொருத்துவது, மென்பொருள் ஏற்றுவது, இரவெல்லாம் கண்காணிப்பது போன்றவற்றை, இப்போது நிரல்களே செய்துவிடுகின்றன. ஏணியின் கீழ்ப்படிகளை உடைத்துவிட்டு, மேல்படியைக் காட்டி டிக்கெட் விற்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களின் நிலையை நாளிதழ் படிக்கும் எவரும் அறிவார். இன்ஃபோசிஸில் 2022-ல் வேலை உத்தரவு பெற்ற புதிய பட்டதாரிகள் பலர் இரண்டாண்டு காத்துக் கிடந்தார்கள். 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் மைசூரு வளாகத்திலிருந்து, உள்தேர்வில் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ்., தன் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. பத்தாண்டுக்கும் மேலாகப் புதியவரின் ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இத்தனையும் நடக்கும்போது ஒருவர் வந்து "வேலை உறுதி" என்றால், அது ஆசைகாட்டல் இல்லை, மோசடி.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கிளவுட் கற்க கணக்கு ஒன்று வேண்டும். பெரிய நிறுவனங்களின் வழக்கமான கணக்கைத் திறக்கும்போதே டெபிட் அல்லது கிரெடிட் கார்டு கேட்பார்கள். இலவச வரம்பு என்று நம்பித் திறந்து, பாடம் முடிந்ததும் அணைக்க மறந்த ஒரு சர்வர் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்; மாதக் கடைசியில் பில் வரலாம். கூலிப் பணம் விழுகிற அப்பாவின் வங்கிக் கார்டை இணைத்திருந்தால் என்ன ஆகும்? கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் மைக்ரோசாஃப்ட் மாணவர்களுக்கு கார்டு கேட்காமலேயே 100 டாலர் மதிப்புள்ள பயன்பாட்டைத் தருகிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். நல்ல ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்வார். அமேசானின் அடிப்படைத் தேர்வுக்கு 100 டாலர் கட்டணம் என்பதையும், சான்றிதழ் மூன்றாண்டில் காலாவதியாகும் என்பதையும் சேரும்போதே சொல்ல வேண்டும். பணம் கட்டிய பிறகு சொல்வது நேர்மையாகாது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்று யாரும் கை விரிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, புகார் வந்தால் பொய் விளம்பரத்தை விசாரித்து அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கே தருகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி நிலையங்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய் சொல்லக் கூடாது. தேர்ச்சி பெற்றவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. கட்டணத்தையும் பணம் திருப்பும் விதியையும் மறைக்கக் கூடாது என்கின்றன அவை. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் நிலையத்துக்குத்தான் அந்த நெறிகள் என்று சின்ன நிலையங்கள் நழுவப் பார்க்கலாம். ஆனால் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் என்ற மூலச் சட்டம் எல்லோருக்கும் பொது. டெல்லியில் ஐ.ஏ.எஸ். பயிற்சி நிலையங்கள் மீது பாய்ந்த சட்டம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏன் அசையவில்லை?

அரசின் கணக்கு இன்னும் வேதனை தருவது. 2024 பிப்ரவரி 19 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த பட்ஜெட்டில், பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் உலகத் திறன் மையங்களில் (ஜி.சி.சி.) மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தரும் புதிய வேலைகளுக்கு, முதலாண்டு சம்பளத்தில் 30 சதவீதமும், இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. வாங்குபவர்கள் பன்னாட்டு நிறுவனங்கள். நாடு முழுவதும் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்போ (2019-20), நெசவுக் குடும்பங்களில் 66.3 சதவீதம் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகச் சொல்கிறது. லட்ச ரூபாய் சம்பளத்துக்குத் தோள் கொடுக்கும் அரசு, ஐயாயிரம் ரூபாய் வீட்டிலிருந்து முதல்முறையாக வேலைக்குப் போகிற பிள்ளைக்கு என்ன தோள் கொடுக்கிறது? இருபதாயிரம் சம்பளத்தில், ஆரணியிலோ திருவண்ணாமலையிலோ, அவனை எடுத்துப் பழக்கும் சிறு நிறுவனத்துக்கு அந்த மானியம் ஏன் இல்லை? முதல் வேலைதான் இன்று அருகிப்போன பொருள். அங்கே போக வேண்டிய பணம், ஏற்கெனவே ஏறிவிட்டவர்களின் கதவைத் தட்டுகிறது.

விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியிலும், சேலத்திலும் தஞ்சாவூரிலும் அதே ஆண்டு செப்டம்பரிலும் மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் திறக்கப்பட்டன. வரவேற்கிறோம். கட்டடம் எழும்பினால் போதாது. உள்ளே முதல் வேலைக்கு எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்திடமும் இதையே கேட்கிறோம். ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞர்களுக்குப் பயிற்சி என்ற இலக்கு பெரியது. எண்ணப்பட வேண்டியது பயிற்சி முடித்தவர் தலை இல்லை. பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்தும் அதே துறையில் சம்பளம் வாங்குபவர் எத்தனை பேர் என்பதுதான். பாடவாரியாக, மாவட்டவாரியாக அதை அரசு வெளியிட்டால், தேவிகாபுரத்துத் தாய் ஒருத்தி தன் முன்பணத்தை எதில் போடலாம் என்று பார்த்து முடிவெடுப்பாள்.

வேறு வழி உண்டு என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். ஸோஹோ நிறுவனம் தன் பள்ளிகளில் பட்டமில்லாத பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களிடம் கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துப் பழக்குகிறது. 2011 முதல் தென்காசியில் அலுவலகமும் நடத்துகிறது. கற்பவனுக்குப் பணம் தரும் நிறுவனமும், கற்பவன் வீட்டுக் கடனில் வாழும் நிலையமும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. இரண்டையும் "திறன் மேம்பாடு" என்ற ஒரே சொல்லால் அதிகாரிகள் அழைப்பது தவறு.

ஊரிலேயே உருவாக்கக்கூடிய கணினி வேலையும் உண்டு. ஆரணிப் பட்டுத் தொழிலைப் பாருங்கள். வியாபாரியின் பில், ஜி.எஸ்.டி. கணக்கு, புடவைப் படங்கள், வங்கி எல்லாம் கிளவுடில்தான் ஓடுகின்றன. ஆனால் நெய்தவர் வாங்கிய முன்பணமும் கழித்த கூலியும் முதலாளியின் நோட்டில்தான் இருக்கின்றன. அந்த நோட்டை நெசவாளர் கையில் வாங்கிப் பார்ப்பது அரிது. கூட்டுறவுச் சங்கங்களில் தொடங்கி, ஒவ்வொரு நெசவாளரும் தன் கணக்கைத் தன் கைப்பேசியில் தமிழில் பார்க்க வழி செய்யுங்கள். அந்த வேலையைக் கட்டமைத்துப் பராமரிக்க ஊர்ப் பிள்ளைகளையே எடுங்கள். கணினி படித்தவர்களுக்கு ஊரில் வேலை இல்லை என்பது, அந்த வேலையை யாரும் கேட்டு ஒப்படைக்கவில்லை என்பதால் வந்த நிலை.

பொறியியல் சேர்க்கைக் காலம் வரும்போது பயிற்சி நிலையங்களின் சுவரொட்டிகளும் வரும். அதற்கு முன் மாவட்ட ஆட்சியர், திங்கட்கிழமை குறைதீர் நாளில் இந்த விளம்பரங்கள் மீதான புகார்களைத் தனியே பெற்று, 16-ஆவது பிரிவின்படி விசாரணை தொடங்க வேண்டும். வேலை உறுதி என்று பணம் வாங்கிய நிலையங்கள் வேலை கிடைக்காத பிள்ளைகளின் குடும்பங்களுக்கு வட்டியோடு பணத்தைத் திருப்ப வேண்டும். சம்பள மானியத்தின் அடிவரம்பை முதல் வேலைக்காரரின் சம்பளத்துக்கு இறக்கி, வடமாவட்டச் சிற்றூர்களுக்குத் தனி ஒதுக்கீட்டோடு அடுத்த பட்ஜெட்டில் நிதியமைச்சர் அறிவிக்க வேண்டும்.